பாராசிட்டமால் நச்சும் அதன் முறிமருந்தும்

ஒட்டன்சத்திரம் போன்ற ஊர்களிலும் காய்ச்சலுக்கும் வலிக்கும் எளிதில் கிடைக்கும் மாத்திரை பாராசிட்டமால். அளவு மீறினால் அது கல்லீரலைச் சிதைக்கும் என்பது 1966இல் பிரிட்டனில் வெளியான மருத்துவ அறிக்கைகளால் தெரியவந்தது. அதற்கான காரணம் 1973இல் அமெரிக்க ஆய்வுகளால் விளங்கியது. கல்லீரலில் இம்மருந்தின் ஒரு பகுதி நச்சாக மாறுகிறது. அங்குள்ள குளூட்டாதயோன் என்னும் பொருள் அந்நச்சை முறிக்கிறது. அது தீர்ந்துவிட்டால் கல்லீரல் செல்கள் மடிகின்றன.

குளூட்டாதயோன் மீண்டும் உருவாக உதவுவது அசிட்டைல்சிஸ்டீன். எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் குழுவினர் இதைச் சிரை வழியாகச் செலுத்தி, 1977இல் அதன் பயனை அறிவித்தனர். 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் கல்லீரல் தப்பிவிடும். தாமதமானாலும் பயன் உண்டு.

முதல் நாளில் அறிகுறி எதுவும் தெரியாமலும் இருக்கலாம். எனவே, நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் காத்திராமல் உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.