பல்லக்கில் கிடந்த 300 ரூபாய்

போன வாரம் துளஜா மகாராஜாவின் படுக்கையருகே நிறுத்தியிருந்தேன். 1787 ஜனவரி. ராஜா பிழைக்கமாட்டார் என்பது தஞ்சை அரண்மனை முழுக்கத் தெரிந்துவிட்டது. தத்துப்பிள்ளை சரபோஜிக்கு இன்னும் பத்து வயது நிரம்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயரை அழைத்துவர ஆள் போயிருக்கிறது. அந்த அறையில் நடந்ததை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு மராட்டிய ராஜா, தான் சாகிற நேரத்தில், தன் பிள்ளையை ஒரு ஜெர்மானியப் பாதிரியாரின் கையில் ஒப்படைக்க ஏன் நினைத்தார்? இதற்கான பதில் 1779-ல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்த அறைக்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்ததும், திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் படைவீரர்களுக்குக் குருவாக இருந்ததும் நமக்குத் தெரிந்த கதை. திருச்சியில் அவர் குடியிருந்த இடத்தை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டிலைப் போட்டுவிட்டால் மிச்ச இடம் அவருக்கு மட்டும்தான். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்பதே கஷ்டம். சாப்பாடு, இந்த ஊர்ப் பக்குவத்தில் சோறும் காய்கறியும். உடுப்பு, கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கைநிறைய வாரிக்கொண்டு கப்பல் ஏறிய காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் இப்படி வாழ்ந்தார். இந்தச் செய்தி எங்கெங்கே பரவியிருந்தது என்பதுதான் 1779-ன் அதிசயம்.

அந்த ஆண்டு சென்னை கவர்னர் சர் தாமஸ் ரம்போல்ட் அவரை அழைத்தார். மைசூரில் ஐதர் அலி கொதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் கட்சி. 1769-ல் ஐதரின் குதிரைப்படை சென்னையின் வாசலுக்கே வந்து நின்றபோது, கம்பெனி பயந்துபோய் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒருவரை எதிரி தாக்கினால் மற்றவர் துணைக்கு வரவேண்டும். பிறகு மராட்டியர் ஐதரைத் தாக்கினார்கள். கம்பெனி அசையவில்லை. 1779 மார்ச்சில், ஐதர் தன் பாதுகாப்பில் இருப்பதாகச் சொன்ன பிரெஞ்சுத் துறைமுகம் மாஹேயை ஆங்கிலேயர் பிடித்தார்கள். இப்படிச் சொன்ன சொல்லை எல்லாம் விழுங்கிவிட்டு, "எங்களுக்குச் சமாதானம்தான் வேண்டும்" என்று ஐதரிடம் போய்ச் சொல்ல ரம்போல்டுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கம்பெனி ஆள் யார் போனாலும் ஐதர் நம்பமாட்டார். திருச்சிப் பாதிரியார் வந்தால் நம்புவார். காரியம் ரகசியமாக நடக்கவேண்டும்.

ஐயர் உடனே சரி என்று சொல்லவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டார். போய் ஜெபித்தார். கேட்டது ஞானம்.

ஞாயிறு பள்ளியில் சாலொமோனின் கதையை முதன்முதலில் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கிபியோனில் இராத்திரி சொப்பனத்தில் கர்த்தர் தோன்றி, என்ன வேண்டும் கேள் என்கிறார். இளம் ராஜா நீண்ட ஆயுசு கேட்கவில்லை, செல்வம் கேட்கவில்லை, சத்துருக்களின் உயிரைக் கேட்கவில்லை. ஜனங்களை நியாயம் விசாரிக்க, நன்மை தீமை பகுத்தறிய, ஓர் இருதயம் கேட்கிறான். அந்த வயதில் எனக்கு அது சுலபமான கேள்வியாகத் தெரிந்தது. சுவார்ட்ஸின் கதையைப் படித்த பிறகுதான் அது எவ்வளவு கடினமான கேள்வி என்று விளங்கியது. ஞானத்தைக் கேட்டுவிட்டு எழுந்திருப்பவன் எதையெல்லாம் தொடக்கூடாது என்பதையும் சேர்த்தே கேட்டிருக்கிறான்.

ஜெபித்து எழுந்த ஐயர் போவதாக முடிவு செய்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. இது சூழ்ச்சி வேலை அல்ல, போரைத் தடுக்கும் வேலை. கம்பெனி தனக்குக் காட்டிய அன்புக்கு நன்றி காட்ட ஒரு வாய்ப்பு. போகிற வழியில் சுவிசேஷத்தைச் சொல்லலாம். கூடவே தனக்குத்தானே ஒரு நிபந்தனையும் வைத்துக்கொண்டார்: வழிச்செலவைத் தவிர யாரிடமும் எந்த வெகுமதியையும் கை தொடாது. ஐதர் எதிரே இருக்கும்போது எப்படிப் பேசுவது என்று அவர் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்கு மட்டும் திட்டம் போட்டிருக்கிறார். இந்தத் தொடரில் எத்தனையோ தூதர்களைப் பார்த்துவிட்டோம். இப்படிக் கிளம்பியவர் இவர் ஒருவர்தான்.

1779 ஜூலையில் பயணம் தொடங்கியது. உடன் வந்தவர்களில் உபதேசியார் சத்தியநாதனும் ஒருவர். 1790-ல் குருப்பட்டம் பெற்றுப் பின்னாளில் நெல்லைச் சீமையில் ஊழியம் செய்தாரே, அவரேதான். ஐதரின் எல்லையில் கரூர்க் கோட்டை. உள்ளே போக அனுமதி வரும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் அங்கே காத்திருக்க வேண்டியிருந்தது. ஐயர் பொறுமையிழந்து கடிதம்மேல் கடிதம் போடவில்லை. கரூர் மக்களோடு பேசிக்கொண்டிருந்தார், போதித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கணவாய் ஏறி மைசூர்ச் சீமை. அங்கே அவர் கண்ணில் பட்டவை எனக்கு மிகவும் பிடிக்கும். மழையில் ஒரு பாலம் சேதமானால் அந்த ஊர் அதிகாரி உடனே ஆள் வைத்துச் சரிசெய்தாக வேண்டும் என்பது ஐதரின் கட்டளை. சேதம் சிறியதாக இருக்கும்போதே சரிசெய்துவிடுவதால் செலவு குறைவு, வழியும் நன்றாக இருக்கிறது என்று ஐயர் குறித்துக்கொண்டார். நம் பக்கம் கர்நாடிக் சீமையில் ஐரோப்பியர்கள் எல்லாவற்றையும் பாழாக விட்டுவிடுகிறார்களே என்றும் கூடவே எழுதினார். கம்பெனி அனுப்பிய ஆள், எதிரியின் ஆட்சி நம்முடையதைவிட மேல் என்று ஒளிக்காமல் எழுதிவைக்கிறார். சமாதானம் பேசப் போகிறவருக்கு இந்தக் கண் இருக்கவேண்டும். எதிராளியிடம் உள்ள நல்லதைப் பார்க்க முடியாதவர் பேசும் சமாதானத்தை யார் நம்புவார்?

ஆகஸ்ட் 25-ல் ஸ்ரீரங்கப்பட்டணம். ஐதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த தர்பார் நடந்த விதத்தைப் பார்த்து ஐயர் அசந்துபோனார். ஒருபுறம் கடிதங்களைப் படிக்கக் கேட்பார், மறுபுறம் பதில் சொல்லி எழுதவைப்பார். எழுதியதை வேறொருவரை விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபார்ப்பார். ஏமாற்ற வழியில்லை. அரண்மனையில் சாட்டையோடு சுமார் 200 பேர் எப்போதும் தயாராக நிற்பார்கள். வசூலில் தப்பு செய்தவர்களுக்கு அடி விழாத நாளே இல்லை. சின்னவர், பெரியவர், சொந்தக்காரர் என்ற வித்தியாசம் கிடையாது. அந்தச் சாட்டையைப் பார்த்து ஐயர் கலங்கினார். அடுத்ததாக, ஐதர் அநாதைப் பிள்ளைகளைத் திரட்டிச் சோறும் துணியும் கொடுத்து வளர்ப்பதையும் பார்த்து மகிழ்ந்தார். இரண்டையும் ஒரே நேர்மையோடு எழுதிவைத்தார். நம்மில் பலர் ஐதரை வீரர் என்றோ கொடுங்கோலர் என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஐயர் எழுதியது என்னை அப்படி எழுதவிடாமல் தடுக்கிறது.

ஐதர் அவரைத் தன் பக்கத்திலேயே கம்பளத்தில் உட்காரவைத்தார். பயப்படாமல் மனதில் உள்ளதைப் பேசச் சொன்னார். ஐதரின் படையில் ஐரோப்பியர்களும் இருந்தார்கள், அவர்களில் ஜெர்மானியர்களும் உண்டு. அவர்களுக்கு ஐயர் கூடாரத்தில் ஆராதனை நடத்தினார். பாட்டும் ஜெபமும் ஜெர்மன் மொழியில், ஐதரின் தலைநகரத்து வாசலில். யாரும் தடுக்கவில்லை.

கம்பெனியின் செய்திக்கு ஐதர் சொன்ன பதில் கடுமையானது. ஆங்கிலேயர் மீறிய வாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஆனாலும் அவர்கள் சமாதானக் கையை நீட்டினால் தன் கையை இழுத்துக்கொள்ளமாட்டேன் என்றார். விடைபெறும் மாலையில் ஐதர் ஒன்று கேட்டார். தன் ஆட்களிடம் ஐயர் பாரசீகத்தில் பேசினாரே, அதேபோல் தன் முன்னாலும் பேசவேண்டும். ஐயர் பேசினார். அரசியல் விவகாரத்தில் சம்பந்தமில்லாத ஒரு குரு எதற்காக இங்கே வந்தேன் என்று நீங்கள் யோசிக்கலாம், கடவுள் சமாதானத்தின் கடவுள், அதனால்தான் வந்தேன் என்பது அதன் சாரம். தானும் அதே எண்ணத்தில்தான் இருக்கிறேன் என்றார் ஐதர். அந்த ஒரு மாலையாவது இருவரும் உண்மையாகத்தான் பேசினார்கள் என்று நம்புகிறேன்.

திரும்பும் வழியில் பல்லக்கில் ஒரு பை இருந்தது. உள்ளே 300 ரூபாய். வழிச்செலவுக்கு ஐதர் வைக்கச் சொன்னது. திருப்பிக் கொடுத்தால் ஐதரை அவமதித்ததாக ஆகும். வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. சென்னை வந்ததும் பையை அரசாங்கத்திடம் கொடுத்தார். அவர்கள் வாங்க மறுத்தார்கள். அப்படியானால் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்க இதை முதல் பணமாக வைத்துக்கொள்ள அனுமதியுங்கள் என்று கேட்டு, அப்படியே செய்தார். ஐதரின் பணம் தஞ்சைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது.

தூது தோற்றது. ஐயர் சமாதானம் பேசப் போன அதே ஆண்டில்தான் கம்பெனி ஐதரின் எல்லை வழியாகவே குண்டூருக்குப் படை அனுப்பியது. தன்னை முன்னால் அனுப்பியது ஐதரின் கண்ணை மறைக்கத்தானோ என்ற வேதனை ஐயருக்கு வந்தது. ரம்போல்ட் ஊருக்குக் கப்பல் ஏறினார். கம்பெனி இயக்குநர்கள் 1781-ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவருக்காக வருந்த என்னால் முடியவில்லை. 1780 ஜூலையில் ஐதரின் படை மலையிறங்கியது. செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஊர் ஊராக எரிந்த அந்தக் காலத்திலும் ஐதர் தன் அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு போட்டிருந்தார்: அந்தப் பாதிரியார் எங்கே போனாலும் தடுக்காதீர்கள். ஆங்கிலப் படையினர் யாருக்கும் கிடைக்காத பாதை அது.

தன்னை ஏமாற்றியவர்கள்மேல் கசந்துபோய் ஒதுங்கிக்கொள்ள ஐயருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் தஞ்சைக்குத் திரும்பி நெல் சேர்த்தார்.

இதைச் சொல்லாமல் விட முடியாது. போரால் வயல்கள் பாழாகி, தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். தெருவில் மக்கள் செத்து விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் கொண்டுவர ஒருவரும் முன்வரவில்லை. ராஜாவின் ஆட்களும் கம்பெனியின் ஆட்களும் பணம் தருவதாகச் சொல்லி எத்தனையோ முறை ஏமாற்றியிருந்தார்கள். கடைசியில் ராஜாவே சொன்னார்: நம் எல்லோருடைய பேச்சும் செல்லாமல் போய்விட்டது, ஐயரின் பேச்சையாவது நம்புகிறார்களா பார்ப்போம். அப்படிச் சொன்னவர் வேறு யாருமில்லை, இதே துளஜா மகாராஜாதான். ஐயர் கிராமங்களுக்கு எழுதினார்: மாட்டோடு வாருங்கள், பணத்துக்கு நான் பொறுப்பு. ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் இறங்கியது. ஒவ்வொருவருக்கும் பணம் போய்ச் சேர்ந்ததா என்று ஐயரே நின்று பார்த்துக் கொடுத்தார். பிறகு, ஊரைவிட்டு ஓடிப்போயிருந்த உழவர்களுக்கும் அதேபோல் சொல்லி அனுப்பினார். 7,000 பேர் நிலத்துக்குத் திரும்பினார்கள்.

தஞ்சைக்குப் போகும்போதெல்லாம் சிவகங்கைத் தோட்டத்துச் சிறு கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கோயிலுக்குப் போய்வருவேன். சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் அங்கே இருக்கிறது. மரணப்படுக்கையில் ஐயர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரபோஜி. அரியணையில் உட்கார்ந்த ஒரு மன்னர் தன்னை இப்படிக் குனிந்த நிலையில் கல்லில் செதுக்கவைத்திருக்கிறார். பார்ப்பவர்கள் பெரும்பாலும் மன்னரின் தலைப்பாகையைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு எப்போதும் கண் போவது படுத்திருப்பவரின் கைமேல்தான். ஐதரின் பையை வைத்துக்கொள்ளாத கை அது.

1787-க்கு வருவதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். துளஜா தன் பிள்ளையை ஐயரிடம் காட்டி, இவன் இனி என் மகன் அல்ல, உங்கள் மகன் என்றபோது, நாட்டையே கையில் கொடுத்த அந்தப் பொறுப்பை ஐயர் ஏற்க மறுத்தார். அது ஞானமா, வாழ்நாளில் அவர் செய்த ஒரே பெரிய தவறா? நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. அந்த மறுப்பால் துளஜாவின் தம்பி முறையான அமர்சிங் அரியணை ஏறினார். சரபோஜி இருட்டறையில் அடைபட்ட சிறுவனானார். அடுத்த வாரம் நேராக அந்த அறைக்கே போவோம்.

(தொடரும்)