சுண்டெலிப் பாதச் சோதனை

தொழுநோய்க் கிருமியைச் சுண்டெலியின் பின்னங்காலில் வளர்த்து, அது உயிரோடு இருக்கிறதா, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று கண்டறியும் ஆய்வக முறை. தமிழ்நாட்டில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள மத்திய தொழுநோய் நிலையமும், வேலூர் அருகே கரிகிரியில் உள்ள ஆராய்ச்சி மையமும் இம்முறையைக் கையாண்டவை. லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை மத்திய அரசு 1955இல் ஏற்றபோது திருமணி நிலையம் உருவானது. பழைய செங்கல்பட்டு மாவட்டமும், தெற்கே மரக்காணம் உப்பளக் கரையை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடும் அப்போது தொழுநோய் மிகுந்த பகுதிகள்.

நார்வே மருத்துவர் ஹான்சன் இக்கிருமியை 1873இலேயே கண்டுவிட்டார். ஆனால் இன்றுவரை அதை எந்தக் கண்ணாடிக் குடுவையிலும் வளர்க்க முடியவில்லை. ஏன் என்பதற்கான விடை 2001இல் வெளியான மரபணு வரைபடத்தில் கிடைத்தது: செயல்படும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600, செத்துப்போனவை 1,100க்கு மேல். தனியே பிழைக்கும் திறனையே இழந்த கிருமி அது. அந்த ஆய்வுக்கு எடுத்த வகைக்கு ‘டிஎன்’ என்று பெயர். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டது என்பதால் அப்பெயர்.

முட்டுக்கட்டை உடைந்தது 1960இல். உடலின் குளிர்ந்த பகுதிகளையே இக்கிருமி நாடும். மனிதரில் காது மடல், மூக்கு, கை, கால். சுண்டெலிக்கும் பாதம் குளிர்ச்சியானது என்று கணக்கிட்ட அமெரிக்கர் சார்லஸ் ஷெப்பர்டு, அங்கே ஊசி போட்டு வெற்றி கண்டார். நோயாளியின் தோலில் எடுத்த துணுக்கை அரைத்து, 5,000 முதல் 10,000 கிருமிகள் அடங்கிய 0.03 மில்லி நீர்மத்தைப் பாதத்தில் செலுத்துவார்கள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். கிருமி ஒருமுறை இரட்டிக்கவே 12 முதல் 14 நாள் ஆகும். ஆறு மாதத்துக்கு மேல் கழித்துப் பாதத்தை எடுத்து அரைத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரிபவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். நன்கு வளர்ந்திருந்தால் பத்து லட்சம் வரை இருக்கும். மருந்தைச் சோதிக்க, அதை எலியின் தீனியில் கலந்தால் போதும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. டாப்சோன் என்ற தொழுநோய் மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருப்பதை மலேசியாவில் 1964இல் மெய்ப்பித்தது இம்முறையே. ரிஃபாம்பிசின் என்ற மருந்து எவ்வளவு விரைவாகக் கிருமியைக் கொல்கிறது என்பதும் எலிப் பாதத்தில்தான் தெரிந்தது. ஒற்றை மருந்தைக் கைவிட்டுக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்க இவை அடித்தளம் இட்டன.

குறையும் பெரிது. சாதாரண எலிக்குத் தொழுநோய் வருவதில்லை. அதன் எதிர்ப்புச் சக்தி ஓர் அளவோடு கிருமியைத் தடுத்துவிடும். நரம்புச் சேதத்தை ஆராய ஆர்மடில்லோ என்ற விலங்குதான் உதவுகிறது. எலி இங்கே நோயாளி அல்ல, கிருமிக்கு நாற்றங்கால் மட்டுமே. மருந்து எதிர்ப்பை இப்போது மரபணுச் சோதனை சில நாளில் சொல்லிவிடுகிறது. ஆயினும் கிருமி உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு எலிப் பாதமே நம்பகமான சான்று.

ஆய்வகத்துக்கு வெளியே, தொழுநோயால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போனவர் மரக்காணம் போன்ற உப்பளத்தில் வெறுங்காலோடு நின்றால், உப்புக்கல் கிழித்ததும் தெரியாது. அந்த நிலை வருமுன், உணர்ச்சியற்ற தேமல் தென்பட்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், மருந்து இலவசம்.