கன்னடம் புரியுது, ஆனா பேச வரலையா? சிக்கல் எங்கே இருக்கு?

பெங்களூருவுக்கு வேலைக்குப் போன தமிழர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "கேட்டா புரியுது, பேசத்தான் வரல." ஆட்டோக்காரர் மீட்டர் பற்றி முணுமுணுப்பது புரியும், வீட்டு ஓனர் தண்ணீர் வராத காரணத்தைச் சொல்வதும் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தமிழோ இங்கிலீஷோதான் வரும். அந்த ஊரில் மொழி அடிக்கடி தலைப்புச் செய்தியாகிற விஷயம். அதைவிட முக்கியம், நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் நின்று வழி கேட்கும்போது தேவைப்படுவது புரிதல் மட்டுமல்ல, பேச்சும்தான்.

புரிவதும் பேசுவதும் ஒன்றில்லையா?

இல்லை. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த, ஆங்கிலம் தாய்மொழியான மாணவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-ல் இதை விளக்கினார். வருடக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டு வளர்ந்த அவர்கள், புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தார்கள். பேச்சில் மட்டும் இலக்கணம் தடுமாறியது. கேட்கும்போது சூழ்நிலையும் நாலு சொற்களும் போதும், மீதியை மனசு ஊகித்துக்கொள்ளும். பேசும்போது ஊகத்துக்கு வேலையில்லை. ஒவ்வொரு வினைச்சொல்லின் வாலையும் நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழருக்குக் கன்னடத்தில் இந்தப் பொறி இன்னும் ஆழமானது, ஏனென்றால் சொற்கள் அவ்வளவு நெருக்கம். பழங்கன்னடத்தின் 'ப' பின்னாளில் 'ஹ' ஆனது: பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பணம் ஹண. நம் 'வ' அங்கே 'பஸ்'ஸில் வரும் அழுத்தமான 'ப': வா என்பது பா, வாழை என்பது பாளெ, வேண்டாம் என்பது பேட. ('வாங்க' என்பதற்கு அங்கே 'பன்னி'. மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள், கோபப்பட வேண்டாம்.) இந்தச் சூத்திரம் தெரிந்ததும் பாதி மொழி வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் 'போகிறேன்' என்பது 'ஹோக்தீனி', 'போனேன்' என்பது 'ஹோதே'. அது சூத்திரத்தால் வராது, நாக்கு பழகினால்தான் வரும்.

என்ன பேசிப் பழகுவது?

தினமும் புதுத் தலைப்பு தேடாதீர்கள். 1983-ல் கீத் மாரிஸ் முன்வைத்து, பிறகு பால் நேஷன் ஆராய்ந்த ஒரு முறை உண்டு. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்ற யோசனை முதல் சுற்றிலேயே முடிந்துவிடுவதால், எப்படிச் சொல்வது என்பதற்கு மூளையில் இடம் கிடைக்கிறது. 2011-ல் வெளியான டி ஜாங், பெர்ஃபெட்டி ஆய்விலும் இதே மாதிரிதான். பயிற்சியின்போது எல்லோருமே வேகம் பிடித்தார்கள். ஆனால் பிறகு புதுத் தலைப்பில் பேசச் சொன்னபோது, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசியவர்களுக்குத்தான் அந்தச் சரளம் நிலைத்தது. உங்கள் ஊர், நேற்றைய டிராஃபிக், ஆபீசில் என்ன வேலை: இந்த மூன்றே ஒரு வாரத்துக்குத் தாங்கும். மூன்று பேர் கிடைக்காவிட்டால் போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். திருப்பிக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

பெங்களூருவில் இன்னொரு தடை, ஊரின் நல்ல குணம்தான். நீங்கள் திக்கினால் எதிரில் இருப்பவர் உடனே தமிழுக்கு மாறிவிடுவார். நானும் அதில் பலமுறை சுகமாக வழுக்கி விழுந்திருக்கிறேன். முதலிலேயே "கன்னடா கலீத்தா இதீனி, கன்னடதல்லே ஹேளி" என்று சொல்லிவிடுங்கள். கற்றுக்கொண்டிருக்கிறேன், கன்னடத்திலேயே சொல்லுங்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துப் பேசுவார்கள்.

எத்தனை நாள் ஆகும்?

தமிழ் கற்க அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்கு அந்நாட்டு வெளியுறவுத் துறை ஒதுக்குவது 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு நேரம். தினம் 20 நிமிடம் என்றால் அது 9 வருடக் கணக்கு. பயப்படாதீர்கள், அது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான அளவு. வாக்கிய அமைப்பு, உறவுமுறைச் சொற்கள், மரியாதை விகுதி என்று அவர்கள் முதலிலிருந்து கற்கும் பலவும் நமக்கு வீட்டிலேயே கிடைத்தவை. தினம் 20 நிமிடம் ஒரு வருடத்தில் சுமார் 120 மணி நேரம் ஆகிறது. அந்த 120-ல் எத்தனை மணி நேரம் உங்கள் வாய் திறந்திருந்தது என்பதை மட்டும் எண்ணுங்கள். ஆப்பில் படத்தைத் தட்டியதும் கன்னடப் படம் பார்த்ததும் அந்தக் கணக்கில் சேராது.