கடலில் மீன் இருந்தது, வீட்டில் சோறு இல்லை



2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மண்ணெண்ணெய்க்கு நாள்கணக்கில் வரிசை. ஓகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. கடலில் மீன் இருந்தது, கடையில் அரிசியும் இருந்தது. ஆனாலும் நம் ஊரில் எத்தனை வீடுகளில் அடுப்பு ஒரு நேரம்தான் எரிந்தது என்பது நமக்குத் தெரியும்.

பொருள் இருக்கும்போதே மனிதர் பட்டினி கிடப்பது எப்படி? இந்தக் கேள்வியின் பின்னால் வாழ்நாள் முழுக்க நடந்த ஓர் அறிஞரைப் பற்றி இன்று எழுதுகிறோம். அவர் பேராசிரியர் அமர்த்தியா சென்.

1933இல் வங்காளத்தின் சாந்திநிகேதனில் பிறந்தவர். தந்தை டாக்கா பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்பித்தார். 1943இல் வங்காளப் பஞ்சம் வந்தபோது சிறுவன் சென்னுக்கு ஒன்பது வயது. பசித்து வந்தவர்களுக்கு ஒரு சிகரட் தகரப்பேணி அளவு அரிசி கொடுக்க, பாட்டனார் அவருக்கு அனுமதி தந்திருந்தார். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 20 முதல் 30 இலட்சம் பேர்.

அடுத்த ஆண்டு டாக்காவில் இனக்கலவரம். காதர் மியா என்ற முஸ்லிம் கூலித் தொழிலாளி, கத்திக்குத்துப்பட்டு இரத்தம் வழிய, சென் வீட்டு வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டார். "கலவர நேரத்தில் அந்தப் பக்கம் போகாதீங்க" என்று மனைவி தடுத்திருந்தாராம். வீட்டில் உண்ண எதுவும் இல்லாததால் சிறு கூலிக்காகப் போனதாக அவரே சொன்னார். சென்னின் தந்தை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். காதர் மியா பிழைக்கவில்லை. கொன்றது கத்திதான், ஆனால் அந்தத் தெருவுக்கு அவரை அனுப்பியது வறுமை. இதைச் சென் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்து எழுதினார்.

கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 23 வயதில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறைத் தலைவரானார். டில்லி, லண்டன், ஒக்ஸ்போர்ட், ஹார்வர்ட் என்று கற்பித்தார். 1981இல் வறுமையையும் பஞ்சங்களையும் பற்றிய அவரது நூல் வந்தது.

அதில் அவர் காட்டிய கணக்கு பலரை அதிர வைத்தது. 1943இல் வங்காளத்தில் கிடைத்த உணவு, முந்தைய ஐந்து ஆண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே குறைவு. பஞ்சமே இல்லாத 1941ஐவிட அது அதிகம். அப்படியானால் செத்தவர்கள் யார்? விவசாயக் கூலிகள், மீனவர்கள், தோணியும் வண்டியும் ஓட்டியவர்கள். யுத்தச் செலவால் அரிசி விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கூலி அப்படி ஏறவில்லை. ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று ஆங்கிலேயர் படகுகளையும் பறித்திருந்தார்கள். முன்பு ஒரு கூடை மீனுக்குக் கிடைத்த அரிசி இப்போது கிடைக்கவில்லை. பசியில் இருப்பவன் முதலில் மீனையும் முடிவெட்டுவதையும் நிறுத்துவான். அதனால் மீனவரும் நாவிதரும் சேர்ந்து விழுந்தார்கள். நாட்டில் எவ்வளவு உணவு இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அதை வாங்கும் வலு யாருக்கு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்றார் சென்.

நம் நாட்டையும் அவர் கூர்ந்து படித்தார். 1942இல் தொடங்கிய கூப்பன் அரிசி, 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, இலவச வைத்தியம். இவற்றால் வருமானம் குறைந்த இலங்கை, ஆயுளிலும் எழுத்தறிவிலும் தன்னைவிடப் பணக்கார நாடுகள் பலவற்றை முந்தியதை உலகுக்கு எடுத்துக்காட்டினார். சங்கக்கடையில் கூப்பனோடு நின்ற நம் மூத்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட ரூபாய் அப்படியே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. சில ஆண்டுகளில் அதன் பெறுமதி பாதியாய்த் தேய்ந்தது.

1990இல், கேம்பிரிட்ஜ் கால நண்பரான பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் மனித அபிவிருத்திச் சுட்டியைக் கொண்டுவந்தபோது சென் துணைநின்றார். வருமானத்தோடு ஆயுளும் கல்வியும் அதில் சேர்ந்தன. 1998இல் சென்னுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் இந்தியாவிலும் பங்களாதேஷிலும் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் பிரதீச்சி அறக்கட்டளைகளை அமைத்தார்.

இதையெல்லாம் கரைத்தீவில் இருந்து நாம் ஏன் எழுத வேண்டும்? மீனவர் ஊர் எப்படி விழும் என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. விழுவதற்கு முன் அடையாளமும் தெரியும். ஆசிரியர்களான நாம் அதை வரவு இடாப்பில் காண்கிறோம். வள்ளம் கரையேறிய இரண்டாவது வாரத்தில் முதலில் ஒரு பிள்ளை வராது. பிறகு அதன் அண்ணன் வரமாட்டான். மூன்றாம் மாதம் அவன் வலை இழுத்துக்கொண்டிருப்பான். பல பேர் திரும்பி வருவதே இல்லை.

அந்த வீடு வாய்விட்டுக் கேட்காது, மானம் விடாது. ஆகவே பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் வசதியுள்ளவர்களிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். ஸகாத்துக்கும் உதவிக்கும் பெயர்ப்பட்டியல் எழுதும்போது ரமழான்வரை காத்திருக்காதீர்கள். கடல் மூடிய மாதங்களில் பாடசாலைப் பக்கம் வந்து, யார் வரவில்லை என்று எங்களிடம் கேளுங்கள். பெயர் வெளியே போகாமல் சொல்வது எங்கள் பொறுப்பு.

காதர் மியாவின் வீட்டில் அன்று கொஞ்சம் அரிசி இருந்திருந்தால் அவர் அந்தத் தெருவுக்குப் போயிருக்க மாட்டார்.