கடலில் கோடு, வானத்தில் வளைவு

எங்கள் வல்லத்திராக்கோட்டையில் கடல் கிடையாது. ஆனால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் வந்தால் கூடவே செய்தியும் வரும்: யார் படகு எல்லை தாண்டிப் பிடிபட்டது என்று. அந்த எல்லையை இந்தியாவும் இலங்கையும் 1974-ல் பாக் நீரிணையிலும், 1976-ல் மன்னார் வளைகுடாவிலும் ஒப்பந்தம் போட்டு வரைந்தன. சரி, தண்ணீருக்குக் கோடு போட்டவர்கள் வானத்துக்கு என்ன செய்தார்கள்? அதைத் தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்கிறது 1967-ம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை. ஆனால் ஒரு நாட்டின் வான்பரப்பு எத்தனை கிலோமீட்டரில் முடிந்து விண்வெளி தொடங்குகிறது என்று அதில் எங்குமே இல்லை!

கோடு இல்லாவிட்டாலும் ராக்கெட் வளைந்துதான் போகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை. எரிந்து முடிந்த பாகங்கள் அங்கே விழக்கூடாது என்பதால், துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. இதில் எரிபொருள் வீணாகிறது, தூக்கும் எடை குறைகிறது. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு முக்கியக் காரணமே இதுதான். அங்கிருந்து தெற்கே திறந்த கடல்.

தப்பித்தவறி விழுந்துவிட்டால்? அதற்கு 1972-ன் பொறுப்பு உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா, இலங்கை இரண்டுமே அதில் உண்டு. தரையிலோ கடலிலோ சேதம் என்றால், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஏவிய நாடு கொடுத்தே ஆகவேண்டும். 1978-ல் அணு உலையோடு கனடாவில் விழுந்த சோவியத்தின் காஸ்மாஸ் 954-க்காக 1981-ல் 30 லட்சம் கனடா டாலர் கைமாறியது.

இனிதான் விஷயமே. அந்த உடன்படிக்கையின் 7-வது பிரிவு, ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு இது பொருந்தாது என்கிறது. நம் ராக்கெட் துண்டு ஒன்று மன்னார் வளைகுடாவில் இரண்டு படகுகள் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பிட்டி மீனவருக்காக இலங்கை அரசு இந்தியாவிடம் நஷ்டஈடு கேட்கலாம். பக்கத்துப் படகில் இருக்கும் மணப்பாட்டுக்காரருக்கு அந்த வழி கிடையாது. அவர் நம் நாட்டுச் சட்டத்தைத்தான் நம்பவேண்டும்.

அந்தச் சட்டம்? 2017-ல் விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவு வெளியானது. அது சட்டமாகவில்லை. 2023-ல் வந்தது கொள்கை மட்டுமே. கொள்கையைக் காட்டி நீதிமன்றத்தில் நஷ்டஈடு வாங்குவது சுலபமா என்று சட்டம் படிக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.

அதே 2017-ல், மே 5 அன்று, தெற்காசிய நாடுகளுக்காக ஜிசாட்-9 செயற்கைக்கோளை இந்தியா ஏவியது. பாகிஸ்தான் விலகிக்கொண்டது, இலங்கை, நேபாளம், பூடான், வங்கதேசம், மாலத்தீவு சேர்ந்தன. செயற்கைக்கோளுக்காகக் கூடிய இதே நாடுகள், மேலிருந்து விழுவதற்கு ஒரு பொது விதி எழுத இன்னும் உட்காரவில்லை. குலசேகரப்பட்டினத்தில் தனியார் ராக்கெட்டுகளும் ஏறப்போகின்றன.