தோப்பியும் நடுகல்லும்

கள் என்றதும் பனையும் தென்னையுமே நம் நினைவுக்கு வருகின்றன. சங்கப் பாடல்களைப் பாடம் சொல்லும்போதும் அந்தப் பொருளிலேயே நாம் கடந்து போய்விடுகிறோம். ஆனால் அந்நூல்களில் தோப்பி என்றொரு சொல் உண்டு. நெல்லிலிருந்து ஆக்கிய கள் என்பது அதற்கு உரையாசிரியர் கண்ட பொருள். இன்றைய வழக்கில் சொன்னால் அரிசி பீர்.

இந்த வேறுபாடு சிறியதன்று. திராட்சையிலும் பனஞ்சாற்றிலும் இனிப்பு ஆயத்தமாகவே இருக்கிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சையை நசுக்கிக் கலத்தில் இட்டு வைத்தால் அது தானே பொங்கிப் புளிக்கும். தானியத்தில் இருப்பதோ மாவு. ஈஸ்ட் அதை நேரே உண்ணாது. தானியம் முளைவிடும்போது தோன்றும் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கிய பிறகே மது பிறக்கும். ஆகவே முளையின் இயல்பைக் கண்டுகொண்டவர்களின் கைத்திறன் அது.

அத்திறன் மிகப் பழையது. இஸ்ரேலின் ரக்கேபெத் குகையில் உள்ள கல்லுரல்களில், ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் தானியத்தைப் புளிக்க வைத்ததன் தடயங்கள் இருப்பதாக 2018இல் ஆய்வாளர் அறிவித்தனர். சுமேரியர் பீருக்கென்றே நின்காசி என்னும் பெண் தெய்வத்தை வணங்கினர்.

நம்மிடமும் செய்முறை எழுத்திலேயே இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் அதைக் காட்டுகிறது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றுகிறார்கள். நல்லடையைக் கலக்கிறார்கள், முளையை இடித்துச் சேர்ப்பது என்று உரைவழி இதற்குப் பொருள் கொள்கிறோம். பின்பு இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விட்டுப் பிழிந்தெடுக்கிறார்கள். சமைத்தல், ஆற்றுதல், முளை சேர்த்தல், காத்திருத்தல் என்னும் இந்த வரிசை இன்றைய பீர் வடிப்போருக்கும் புதிதன்று.

அதே நூலில் வேறோர் இடத்தில், பகைப்புலம் புகுந்து ஆநிரை கவர்ந்து வந்தோர் வீட்டில் ஆக்கிய தோப்பியைப் பருகி மன்றத்தில் ஆடுகின்றனர். இங்கே தேனி மண் நம் துணைக்கு வருகிறது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று ஆகோள் என்ற சொல்லையே தாங்கி நிற்கிறது, கூடலூரையும் குறிக்கிறது. அப்பெயருடைய ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. பெயரொற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு இரண்டும் ஒன்றே எனத் துணிதல் ஆகாது. ஆனால் இலக்கியம் சொல்லும் ஆகோள் வெறும் துறை மரபன்று, இம்மண்ணில் ஆள் மாண்ட நிகழ்ச்சி என்பதற்கு அக்கல்லே சான்று.

அத்தகைய கல்லுக்கு எதைப் படைத்தார்கள்? அகநானூற்றின் 35ஆம் பாட்டு விடை தருகிறது: பீலி சூட்டி, துடி முழக்கி, தோப்பிக் கள்ளும் செம்மறிப் பலியும் கொடுத்தனர். தோப்பியைப் பனங்கள் என்று வாசித்தால் இப்படையலின் பொருள் பாதி கெட்டுவிடும். மரத்தில் வடிந்த சாறு அன்று அது. உண்ணும் நெல்லில் ஒரு பங்கை ஒதுக்கி, சமைத்து, நாள் கணக்கிட்டுக் காத்திருந்து இறந்தவனுக்கு அளித்தது.

கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அந்த அறத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் கூச்சத்தோடு பழம்பாடல்களைப் படிப்பதால், ஒரு தொழிலறிவும் ஒரு வழிபாடும் நம் வகுப்பறைகளில் வெறும் 'கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அடுத்த முறை நடுகல் பாட்டைச் சொல்லிக் கொடுக்கும்போது தோப்பி என்ற சொல்லில் சற்று நின்று செல்வோம்.