சுழற்சியும் சாய்வும்: சோழமண்டலக் கரையின் அளவை வரலாறு

முன்னுரை

சென்னையின் சாந்தோம் வட அகலாங்கு 13 பாகையில் உள்ளது. அங்கே அசையாமல் நிற்பவரையும் புவி மணிக்கு ஏறத்தாழ 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே கொண்டுசெல்கிறது. ஏப்ரல் இறுதியில் ஒரு நாளும் ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும் அங்கு நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், செங்குத்தான கம்பத்துக்கு நிழல் விழுவதில்லை. முன்னது புவியின் சுழற்சியால் நேர்வது, பின்னது 23.4 பாகை அச்சுச் சாய்வால் நேர்வது. இவ்விரண்டும் நிலையான எண்கள் அல்ல. நிகழ்ச்சிகளால் உருவாகி, இன்றும் மாறிவருபவை. இந்த உண்மை தெளிந்த வரலாற்றில் நம் கடற்கரைக்கு உள்ள பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

கணிதர் மரபு

புவி தன் அச்சில் சுழல்கிறது என்று கூறிய ஆரியபட்டர், 43,20,000 ஆண்டுகளுக்கு 158,22,37,500 சுற்றுகள் எனக் கணக்கிட்டார். அதன்படி ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 வினாடி ஆகிறது. இன்றைய அளவும் அதுவே. வராகமிகிரரும் பிரம்மகுப்தரும் புவி சுழல்வதை மறுத்தனர். எனினும் விண்மீன்களின் சுற்று என்ற பொருளில் அந்த எண்ணிக்கை வழக்கில் நிலைத்தது.

ஆரியபட்ட மரபைத் தழுவி 1300 வாக்கில் எழுந்த ‘வாக்கியகரணம்’ தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு ஆதாரமான நூல். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்த அந்நூலை, சாந்தோமுக்கு அருகே மயிலாப்பூரில் உள்ள குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் 1962-ல் வெளியிட்டது.

1768-ல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி தமிழ்க் கணிதரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவு, தமிழ்க் கணக்கில் 41 வினாடி குறைந்தும், ஐரோப்பாவின் மேயர் அட்டவணையில் 68 வினாடி மிகுந்தும் வந்தது. சோழிகளை வைத்து மனப்பாட வாய்பாடுகளால் போட்ட கணக்கு இத்தனை நெருங்கியது பெருமைக்குரியது.

மதராஸ் ஊசல்

சுழலும் புவி நடுக்கோட்டில் புடைத்திருக்க வேண்டும் என்று 1687-ல் நியூட்டன் காட்டியிருந்தார். அப்படியானால் நடுக்கோட்டுக்கு அருகில் ஈர்ப்பு குறையும். ஊசல் மெதுவாக ஆடும். இதைச் சோதிக்கத் துருவத்துக்கு நெருங்கிய ஊர்களின் அளவுகளோடு, மதராஸ் போன்ற ஊரின் அளவும் தேவைப்பட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைத்தது. அங்கு 1821-ல் ஜான் கோல்டிங்ஹாம், ஒரு வீச்சுக்குச் சரியாக ஒரு வினாடி எடுக்கும் ‘வினாடி ஊசலின்’ நீளத்தை அளந்தார். லண்டனில் 39.14 அங்குலமாக இருந்த நீளம் மதராசில் 39.03 அங்குலமே இருந்தது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டரான இந்த வேறுபாடு, பல நாடுகளின் அளவுகளோடு சேர்ந்து புவியின் தட்டைத்தன்மையை உறுதி செய்தது. நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கி.மீ. கூடுதல்.

சாய்ந்த அச்சோடு சுழலும் இந்தப் புடைப்பைச் சூரியனும் நிலவும் இழுப்பதால் அச்சின் திசை சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு முழு வட்டமிடுகிறது. இதுவே அயனச் சலனம். ஆரியபட்டர் காலத்தில் சம இரவு நாளையொட்டி வந்த சித்திரைப் பிறப்பு இன்று ஏப்ரல் 14-க்குத் தள்ளிப்போனதற்குப் பெரும் காரணம் இதுதான்.

ஓதமும் நாளும்

1879-ல் ஜார்ஜ் டார்வின், கடல் ஓதத்தின் உராய்வு புவியின் சுழற்சியைத் தளர்த்துவதையும், அதனால் நிலவு விலகுவதையும் கணித முறையில் விளக்கினார். இந்தியத் துறைமுகங்களின் ஓத அளவுகளையும் கொண்டு புவியின் உறுதியை மதிப்பிட்டவரும் அவரே. நிலவு இன்று ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுகிறது. பழங்கால கிரகணக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன்சன் குழுவினர், நாளின் நீளம் நூற்றாண்டுக்கு 1.78 மில்லிவினாடி கூடிவருவதாக 2016-ல் காட்டினர்.

இந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் விரைந்து சுழன்ற ஓர் இளம் புவி தெரிகிறது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாயை ஒத்த ஒரு கோள் மோதி, நிலவு பிறந்தது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. அச்சின் சாய்வுக்கும் தொடக்கச் சுழற்சிக்கும் அம்மோதலே முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது. நிலவின் ஈர்ப்பால் சாய்வு பெரிதும் தடுமாறாமல், 41,000 ஆண்டுச் சுழலில் 22.1 முதல் 24.5 பாகைக்குள் நிற்கிறது.

2004 டிசம்பர் 26

சுமத்ரா நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை சாந்தோமை அடுத்த சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பைச் சிதைத்தது. கடலடித் தட்டு இறங்கியதில் புவியின் பொருண்மை சற்று உள்நகர்ந்தது. நாளின் நீளம் 2.68 மைக்ரோவினாடி குறைந்திருக்கும் என்றும், வடதுருவத்தின் சராசரி நிலை 2.5 செ.மீ. நகர்ந்திருக்கும் என்றும் நாசாவின் ரிச்சர்ட் கிராஸும் பெஞ்சமின் சாவோவும் கணித்தனர். கருவிகளால் நேரடியாக அறிய முடியாத அளவு சிறிய மாற்றம் அது. ஆயினும் நாளின் நீளம் இன்றும் மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தக் கணிப்பு நம் தலைமுறையின் எடுத்துக்காட்டு.

முடிவுரை

நாளின் 24 மணி நேரமும் அச்சின் 23.4 பாகையும் ஒரு மோதலின் மிச்சம் எனக் கருதலாம். நிலவும் கடலும் அதைத் திருத்திவருகின்றன. நாள் நீள்வதால், சீராக ஓடும் கடிகாரத்தோடு ஒப்பிடும்போது சேர்ந்த நேர வேறுபாடு 2,000 ஆண்டுகளில் சுமார் மூன்று மணி நேரம். ராஜராஜன் காலத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ அரை மணி நேரம். ஆகவே, நேரம் குறித்த பழைய கிரகணப் பதிவு ஒவ்வொன்றும் புவியின் சுழற்சிக்கு ஒரு சாட்சி. நம் ஓலைச்சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் அத்தகைய பதிவுகளைத் தேடித் தொகுக்கும் பணியை வரலாற்றாய்வாளரும் வானியலாளரும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டும்.